"ஒன்றும் செய்யாமலா அடித்தார்கள்?"

இந்த வாரத் தியானப் பகுதி: அப்போஸ்தலருடைய நடபடிகள் 16:16–40



நம்முடைய ஆலயத்தின் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு மைக்குகளும் காணாமற்போய் இன்றோடு பன்னிரண்டு நாட்களாகின்றன. பூட்டு உடைக்கப்படவில்லை. பக்கவாட்டுக் கதவின் தாழ்ப்பாளை யார் போட்டது, யார் போடாமல் விட்டது என்பதும் தெளிவாகவில்லை. கடந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் சேகரக் குழு கூடியபோது, நான் மதிக்கிற ஒரு மூப்பர் இவ்வாறு சொன்னார்: "ஸ்டேஷன்ல சொல்லி வெச்சாப் போதும் ஐயா. இருளர் குடியிருப்புலேர்ந்து நாலு பசங்களைக் கூட்டிட்டு வந்து கேக்கற விதத்துல கேட்டா, சாயங்காலத்துக்குள்ள பொருள் வந்துடும்."

அறையில் ஒருவரும் அதிர்ச்சியடையவில்லை. இருவர் தலையசைத்தனர். மற்றொருவர், "அவங்கதான்னு சொல்லலை ஐயா, ஆனா அவங்களுக்குத் தெரியாம இருக்காது" என்றார். கூட்டம் தொடங்கும்போது ஜெபம் செய்திருந்தோம்; முடிந்தபோதும் செய்தோம். இடைப்பட்ட நேரத்தில், ஒரு குற்றமும் நிரூபிக்கப்படாத நான்கு பிள்ளைகளை அடிக்கச் சொல்லலாமா என்பதை, பந்தலுக்கு எத்தனை நாற்காலி வேண்டும் என்று கேட்பதைப்போல நாம் விவாதித்தோம்.

அன்று நான் அந்த யோசனையை நிராகரித்தேன். ஆனால் போதிய அளவு பேசவில்லை. ஆகையால் இந்த வாரத் தியானத்தை அதற்கென்றே எழுதுகிறேன். சிலருக்கு இது கசப்பாயிருக்கும். வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்; வாசியாமல் கோபப்படாதிருங்கள்.

பிலிப்பி பட்டணத்துச் சம்பவம் நமக்கு மனப்பாடம். நடு இரவில் பவுலும் சீலாவும் துதித்துப் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கட்டுகள் கழன்றன, சிறைச்சாலைக்காரன் குடும்பத்தோடு இரட்சிக்கப்பட்டான். இந்த நடு இரவைப்பற்றி நானே முப்பது முறையேனும் பிரசங்கித்திருப்பேன். அந்த நடு இரவுக்கு முந்தின பகலையும் பிந்தின காலையையும்பற்றி நாம் பேசுவதேயில்லை.

முந்தின பகலில் நடந்தது என்ன? அடிமைப் பெண்ணைக்கொண்டு பணம் சம்பாதித்தவர்களின் வருமானம் நின்றுபோயிற்று. அவர்கள் பவுலையும் சீலாவையும் பிடித்துச் சந்தைவெளிக்கு இழுத்துவந்தார்கள். அங்கே அவர்கள் வைத்த குற்றச்சாட்டைக் கவனியுங்கள். பணம் போயிற்று என்று அவர்கள் முறையிடவில்லை. இந்த மனுஷர் யூதர் என்றே தொடங்கினார்கள். ஊரைக் கலக்குகிறார்கள் என்பது அதற்குப் பின்னர்தான் வருகிறது. பிறப்பு முதலில், குற்றம் பிறகு. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் ஜனக்கூட்டம் கூடிக்கொண்டது. அதிகாரிகளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. வஸ்திரங்களைக் கிழித்தார்கள், கோல்களால் அடித்தார்கள், உட்காவலறையில் தள்ளித் தொழுமரத்தில் கால்களை மாட்டினார்கள். விசாரணை மாத்திரம் நடக்கவில்லை.

நம்முடைய குழு அறையில் சொல்லப்பட்டதும் இதே ஒழுங்கில்தான் இருந்தது. பிறப்பு முதலில் வந்தது. குற்றத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

இருளர் என்று நாம் சொல்லுகிற அந்த மக்கள் யார்? கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நம் பிள்ளைகளை முதலைப் பண்ணைக்கு அழைத்துச் செல்லும்போது நாம் கடந்துபோகிற இடமே அது. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், அதன் பின்வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அவர்களுடைய பிழைப்பை நிறுத்தியபோது, 1978இல் அந்தச் சங்கம் தொடங்கப்பட்டது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, பாம்பை மறுபடியும் காட்டிலே விடுகிறார்கள். இந்த நாட்டில் பாம்புக்கடிக்குப் போடப்படுகிற விஷமுறி மருந்துக்கு அவர்கள் எடுத்துக்கொடுக்கும் விஷம் முதன்மையான மூலப்பொருள். 2023இல் அந்த மக்களுள் இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

வயல்வரப்பில் நம்மில் ஒருவரைப் பாம்பு தீண்டினால், மருத்துவமனையில் நம் நரம்பில் ஏறுகிற மருந்துக்குப் பின்னால் ஓர் இருளரின் கை இருக்கக்கூடும். அந்தக் கையை நாம் நம்புகிறோம். ஆனால் தெருவில் ஒரு மோட்டார் காணாமற்போனால், முதலில் சந்தேகிப்பதும் அந்தக் கையையே.

இருளர் தாய் ஒருத்தி, பத்து வயதுள்ள தன் மகனுக்குப் புத்தி சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். "ஜீப்பு வந்தா ஓடாதே. ஓடினா திருடன்னு அடிப்பாங்க. முறைச்சுப் பார்க்காதே. கேட்டா பேரை மட்டும் சொல்லு." சிறிது நேரம் சென்று, தனக்குத்தானே பேசுவதுபோல், "ஓடலைன்னாலும் அடிப்பாங்கதான்" என்றாள். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் எத்தனையோ புத்திமதி சொல்லியிருப்பீர்கள். இதைச் சொல்லவேண்டிய அவசியம் உங்களுக்கு வந்ததுண்டா? அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லிவருவதும் இதே பாடந்தான். 2020 மே 25ஆம் தேதி மினியாபோலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு காவலர் முழங்காலை ஊன்றிக் கொன்றபோது, நம் சபை வாலிபர் பலர் தங்கள் கைப்பேசிகளில் கறுப்புப் படம் வைத்தீர்கள். நல்ல காரியம். ஆனால் அந்தக் கழுத்து நமக்கு எட்டாயிரம் மைல் தூரத்தில் இருந்ததால்தான் அந்தப் படத்தை வைக்க நமக்கு அவ்வளவு எளிதாயிருந்ததோ என்று கேட்டுப்பாருங்கள்.

மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியாவுக்கு வந்தபோது, திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் அது அவரை உறுத்திற்று. சற்று யோசித்தபின், ஆம், அது உண்மையே என்று ஒப்புக்கொண்டதாகப் பிற்பாடு தம் சபையாரிடம் சொன்னார். அந்நிய தேசத்துப் போதகர் ஒருவர் அரை நாளில் கண்டுகொண்ட ஒற்றுமை, நம் வேலிக்கு அப்பாலே இருக்கிற நமக்கு ஏன் தெரியவில்லை?

அந்த ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்து ஒரு மாதம் நிறைவதற்குள் சாத்தான்குளம் நடந்தது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற பெயரில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஜூன் 22 இரவு மகன் இறந்தார். மறுநாள் விடியற்காலையில் தகப்பன் இறந்தார். அப்போது நம் சபைகள் எல்லாம் அழுதன. நாமும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். அவர்கள் கிறிஸ்தவர்கள், கடைக்காரர்கள், நம்மைப் போன்றவர்கள். "ஒன்றும் செய்யாதவர்களை" என்று வாய்க்கு வாய் சொன்னோம்.

அந்தக் கண்ணீரை நான் குறைசொல்லவில்லை. ஆனால் வேறு கண்ணீர்கள் எங்கே என்று கேட்கிறேன். 1992 ஜூனில் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி மலைக்கிராமத்தில் சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறையினரும் காவலரும் வருவாய்த்துறையினரும் புகுந்து 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வர 2011 ஆயிற்று. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆயிற்று. 1993இல் விருத்தாசலம் அருகே ராஜாகண்ணு என்ற குறவர் சமூகத்து மனிதர் திருட்டுச் சந்தேகத்தில் கொண்டுபோகப்பட்டு, கம்மாபுரம் காவல் நிலையத்திலிருந்து உயிரோடு வீடு திரும்பவில்லை. தப்பியோடிவிட்டார் என்றார்கள். அவர் மனைவி விடாமல் வழக்காடியதால், வழக்கறிஞர் சந்துரு துணைநின்றதால், உண்மை வெளிவந்தது. அந்தக் கதை 2021இல் இருளர் கதையாகத் திரையில் வந்தபோது நம்மில் பலர் கண்ணீர்விட்டோம். 2025 ஜூன் 28 அன்று திருப்புவனத்துக்கு அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், நகை காணவில்லை என்ற ஒரு புகாரின்பேரில் விசாரிக்கப்பட்டு, அடிபட்டு இறந்தார். நகை காணோம், பொருள் காணோம், ஆம்ப்ளிஃபயர் காணோம். எங்கும் இப்படித்தான் தொடங்குகிறது.

இவை வேறு மாவட்டத்துக் காரியங்கள் என்பீர்களோ? நமது செங்கல்பட்டைப் பற்றிச் சொல்லுகிறேன். 1891இல் இந்த மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்ஹீர், இங்கே பறையர் மக்கள் நிலமற்று அடிமைகளைப்போல் வாழ்ந்த நிலையை விவரித்து அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அந்நாட்களில் இம்மாவட்டத்து மிஷனரிமாரும் இதற்காக முறையிட்டிருந்தார்கள் என்பதை நாம் நன்றியோடு நினைக்கவேண்டும். அதன் பலனாகப் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. நூறாண்டுகளுக்குள் அதில் பெரும்பங்கு பிறர் கைக்குப் போயிற்று. மாமல்லபுரத்துக்கு அருகேயுள்ள காரணை கிராமத்தில் அந்த நிலத்தை மீட்கும்படி மக்கள் போராடி, அங்கே அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்து, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் கூடியவர்கள்மேல் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். நம் வீட்டிலிருந்து அரை மணிப் பயணத்தில் நடந்த நாபோத்தின் கதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்பொழுது நான் ஓர் அறிக்கை செய்யவேண்டும். பிறரைக் குற்றஞ்சொல்ல எனக்குள்ள தகுதி எவ்வளவு என்பது அதிலிருந்து உங்களுக்கு விளங்கும்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில் நான் ஊழியம் செய்தபோது, ஆலயத்துக்கு வந்துகொண்டிருந்த இருளர் வாலிபன் ஒருவனை இறால் பண்ணை மோட்டார் திருடியதாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் தாய் விடியற்காலையில் என் வாசலில் வந்து நின்றாள். நான் வெள்ளை அங்கி உடுத்திக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். "வாங்க பாதர், உட்காருங்க" என்று நாற்காலி போட்டார்கள். தேநீர் வரவழைத்தார்கள். அந்த வாலிபன் சுவரோரமாய்த் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் பாதங்கள் வீங்கியிருந்தன. நான் அவற்றைப் பார்த்தேன். அவனும் நான் பார்ப்பதைப் பார்த்தான். நான் தேநீரைக் குடித்தேன்.

"உங்களுக்காக விடறோம் பாதர்" என்றார்கள். ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அவனை உடலில் காயமின்றி ஒப்புக்கொண்டேன் என்று அதில் எழுதியிருந்தது. நான் கையெழுத்திட்டேன். அவனை வெளியே கொண்டுவந்துவிட்டால் போதும் என்பதே அப்போது என் எண்ணம். அடுத்த ஞாயிறு, கர்த்தர் கட்டுண்டவனை விடுதலையாக்கினார் என்று சாட்சிகூடச் சொன்னேன். சில நாட்களில் மோட்டார் கிடைத்தது. பண்ணை மேலாளர்தான் அதைக் காயில் கட்ட அனுப்பிவைத்து மறந்திருந்தார். அந்த வாலிபன் அதன்பின் ஆலயத்துக்கு வரவில்லை. நான் அவனைத் தேடிப்போனபோது, "நீங்க நல்லவரு ஐயா. ஆனா நீங்க எழுதிக்கொடுத்தீங்களே" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

சாத்தான்குளத்துச் செய்தியில், மருத்துவரின் சான்றும் நடுவரின் காவல் ஆணையும் முறைப்படி காகிதத்தில் இருந்தன என்று வாசித்தபோது, என் கையெழுத்து எனக்கு நினைவுக்கு வந்தது. அடித்த கை ஒன்று. அடிக்கவில்லை என்று எழுதிய கை வேறொன்று. இரண்டாவது கைகள் இல்லாமல் முதலாவது கை நீடிக்க முடியாது. பிரியமானவர்களே, இரண்டாவது கையாக இருப்பதே சபையின் ஊழியமோ?

பிலிப்பியின் காலைக்கு வருவோம். விடிந்ததும் அதிகாரிகள் சேவகரை அனுப்பி, அந்த மனுஷரை விட்டுவிடுங்கள் என்றார்கள். சிறைச்சாலைக்காரன் மகிழ்ச்சியோடு வந்து, சமாதானத்தோடே போங்கள் என்றான். நானாயிருந்தால் ஸ்தோத்திரம் சொல்லிப் புறப்பட்டிருப்பேன். உண்மையில் நான் செய்ததும் அதுவே. பவுல் மறுத்தான். தீர்ப்பில்லாமல் எங்களை எல்லாருக்கும் முன்பாக அடித்தார்கள், இப்போது இரகசியமாய் அனுப்பப் பார்க்கிறார்களோ, அவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்றான். ரோம குடியுரிமையைச் சுட்டிக்காட்டினான். அதிகாரிகள் பயந்து, நேரில் வந்து வேண்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகே பவுல் புறப்பட்டுப் போனான்.

பவுலுக்குத் தன்மானம் பெரிதாயிருந்தது என்று எண்ணாதிருங்கள். அந்தப் பட்டணத்தில் லீதியாளின் வீட்டில் ஒரு சிறு சபை இருந்தது. பவுல் போய்விடுவான், அவர்கள் அங்கேயே வாழவேண்டும். இந்த ஜனங்களை அடித்தால் கேட்பார் இல்லை என்று அதிகாரிகள் நினைக்கும்படி விட்டுப்போக அவனுக்கு மனமில்லை. பின்னால் இருப்பவர்களுக்காக அவன் வாசலில் நின்றான்.

நம் ஆண்டவரும் பேசாதிருந்தவர் என்று நமக்கு நாமே போதித்துக்கொள்கிறோம். யோவான் 18ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிரதான ஆசாரியனுக்கு முன்பாக நின்ற இயேசுவைச் சேவகன் ஒருவன் கன்னத்தில் அறைந்தான். நான் தகாததைப் பேசியிருந்தால் அதை ஒப்புவி, தகுதியாய்ப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று அவர் கேட்டார். விசாரணைக் காவலில் அடிபட்ட ஒருவர், அடித்தவனிடம் ஆதாரம் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் சொல்ல அன்றிலிருந்து கடமைப்பட்டிருப்பவர்கள் அவருடைய பெயரைத் தரித்த நாமே.

உங்கள் எதிர்வாதங்களை நான் அறிவேன். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"ரோமர் 13 அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லுகிறதே." சொல்லுகிறது; பிலிப்பியில் அடிபட்ட அதே பவுல்தான் அதை எழுதினான். நன்மைக்கென்று தேவனுக்குப் பணிவிடை செய்வதே அதிகாரத்தின் வேலை என்றும் அங்கேயே எழுதினான். இந்நாட்டில் மேலான அதிகாரம் எது? தனி ஓர் அதிகாரியா? அரசியலமைப்புச் சட்டமே மேலானது. அதன் 21ஆம், 22ஆம் பிரிவுகள் உயிரைக் காக்கின்றன. கைதுசெய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்தச் சொல்லுகின்றன. 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் கைதுக்கான நெறிகளை வரையறுத்தது. 2020 டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமராக்கள் வைக்க உத்தரவிட்டது. லாக்கப்பில் லத்தியை ஓங்குகிறவரே ரோமர் 13ஐ மீறுகிறார். அதை ஏன் என்று கேட்பவர் அதற்குக் கீழ்ப்படிகிறார்.

"அடிக்காமல் உண்மை வருமா ஐயா?" அடித்தால் உண்மை வராது, வாக்குமூலம் வரும். இரண்டும் ஒன்றல்ல என்பது வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855இல் வெளியிட்ட அறிக்கையில் கிட்டி, அண்ணாந்தாள் என்ற நம் தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கின்றன. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவைக்கவும் குடிகளை எப்படி வதைத்தார்கள் என்பது அதிலே உண்டு. காவலரிடம் கொடுத்த வாக்குமூலம் குற்றத்துக்குச் சாட்சியாகாது என்று 1872இன் சாட்சியச் சட்டம் சொல்லிற்று. இன்றைய புதிய சட்டமும் அதையே சொல்லுகிறது. ஏறத்தாழ 170 ஆண்டுகளாய் எழுத்தில் தள்ளப்பட்ட வழக்கம் நம் குழு அறையில் இன்னும் ஒரு நல்ல யோசனையாய் உயிர்வாழ்கிறது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இலேயே கையொப்பமிட்டும் இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. ஜனங்களாகிய நாமே அதைக் கேட்காதபோது அரசு ஏன் அவசரப்படவேண்டும்?

"நம் சபையிலேயே காவலர்கள் இருக்கிறார்களே, அவர்கள் மனம் புண்படாதா?" அந்தச் சகோதரருக்கும் சகோதரிகளுக்கும் நேராகவே எழுதுகிறேன். ஓய்வில்லாத உங்கள் பணியையும், மேலிடத்து நெருக்கத்தையும், பண்டிகை நாளில்கூடப் பிள்ளைகளோடு இருக்க முடியாத வருத்தத்தையும் நான் அறிவேன். யோர்தான் கரையில் யோவான்ஸ்நானனிடம் போர்ச்சேவகர் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். வேலையை விட்டுவிடுங்கள் என்று அவன் சொல்லவில்லை. ஒருவரையும் இடுக்கண் செய்யாமலும், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும், கூலியே போதும் என்றும் இருக்கச் சொன்னான். உங்கள் ஊழியத்துக்கு வேதம் தந்த பணிவிதி அது. சாத்தான்குளத்தில் அன்றிரவு பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், தன் உடன்பணியாளர்களுக்கு எதிராக உண்மையைச் சொன்னார். அவர் அணிந்திருந்ததும் நீங்கள் அணிகிற அதே காக்கியே. சபை உங்களுக்காக ஜெபிக்கிறது. நீங்கள் அவரைப்போல் நிற்கவேண்டும் என்றே ஜெபிக்கிறது.

"இது அரசியல், ஆலயத்துக்குள் வேண்டாம்." சாதியை ஆலயத்துக்குள் நாம் எப்போதோ அனுமதித்துவிட்டோமே. எத்தனையோ ஊர்களில் கிறிஸ்தவர்களுக்கே இரண்டு கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. உயிர்த்தெழுதலுக்குக்கூட நாம் தனித்தனி வரிசை போட்டிருக்கிறோம். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட தலித் சகோதரனை ஊரும் காவல் நிலையமும் பழைய பெயராலேயே அழைக்கின்றன. ஆனால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி அவன் பட்டியல் சாதியானல்ல. ஆகையால் 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவனைக் காப்பதில்லை. அடி விழும்போது அவன் சாதி அவனோடு இருக்கிறது, பாதுகாப்பு கேட்கும்போது அது இல்லாமற்போகிறது. அவனுக்குத் தப்பிப்போக இடமே இல்லை. அவனுக்குச் சபையாவது இருக்கவேண்டாமா?

1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து கிங் எழுதிய புகழ்பெற்ற கடிதம் யாருக்கு எழுதப்பட்டது தெரியுமா? வெறியர்களுக்கு அல்ல. பொறுத்திருங்கள், அமைதி கெட்டுப்போகும் என்று அறிவுரை சொன்ன போதகமாருக்கு. அதை இறையியல் கல்லூரியில் தேர்வுக்காகப் படித்தேன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். பிறகு காவல் நிலையத்தில் தேநீர் குடித்தேன்.

இனி நாம் செய்யவேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

ஆம்ப்ளிஃபயர் காணாமற்போனதைக் குறித்து எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். சந்தேகத்துக்குரியவர் என்று எவர் பெயரையும் எந்தக் குடியிருப்பையும் எழுதவில்லை. எவரையும் அடித்து விசாரிக்கச் சபைக்கு விருப்பமில்லை என்றும் அதில் எழுதினேன். அப்படி ஒரு வரியை யாரும் எழுதுவதில்லையாம். வாங்கிக்கொண்டவர் இரண்டு முறை வாசித்தார். குழுவிலிருந்து எவரேனும் தனிப்பட்ட முறையில் வாய்மொழியாக வேறு சொல்லியிருந்தால், தயவுசெய்து போய் அதைத் திரும்பப் பெறுங்கள். இன்றைக்கே.

இரண்டாவது, நம் பகுதியில் யாரையேனும், எந்தச் சமூகத்தாரையேனும், நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டால் எந்நேரமானாலும் என்னை அழையுங்கள். தனியே போகமாட்டேன், உங்களில் இருவர் என்னோடு வரவேண்டும். கைதா, விசாரணையா என்று கேட்போம். கைதுக் குறிப்பு எங்கே, உறவினருக்குச் சொன்னீர்களா, மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்போம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. அதை ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்திருக்கிறேன். நாற்காலி கொடுத்தால், உள்ளே இருப்பவருக்கும் ஒன்று கேட்போம். கொடுக்காவிட்டால் நின்றுகொண்டிருப்போம். கண்ணால் காணாத எதற்கும் கையெழுத்துப் போடமாட்டோம். கண்ட காயத்தை எழுதாமல் விடமாட்டோம்.

மூன்றாவது, "ஒன்றும் செய்யாமலா அடித்தார்கள்?" என்ற கேள்வியை நம் வீடுகளிலிருந்து அகற்றிப்போடுங்கள். செய்தித்தாளை மடிக்கும்போது, தொலைக்காட்சியின் முன் சோறு பிசையும்போது, சாதாரணமாய் அது நம் வாயில் வருகிறது. நம் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் ஒன்றைச் செய்தே இருந்தாலும் அவனைத் தண்டிக்க நீதிமன்றம் இருக்கிறது. கொல்கொதாவில் இருபுறமும் தொங்கினவர்கள் குற்றஞ்செய்தவர்களே. கர்த்தர் அவர்களில் ஒருவனுக்குப் பரதீசை வாக்களித்தார். குற்றமற்றவர்களுக்காக மாத்திரம் அழுகிற சபை, தன் ஆண்டவரின் கடைசி மணி நேரத்தைப் புரிந்துகொள்ளாத சபை.

ஆம்ப்ளிஃபயர் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்காமலே போகலாம். அப்படியானால் வருகிற ஞாயிறும் நான் குரலை உயர்த்தியே பிரசங்கிக்கவேண்டியிருக்கும். பின்வரிசையில் இருப்பவர்கள் சற்று முன்னே வந்து உட்காருங்கள். நான்கு பிள்ளைகளின் பாதங்களைக் கொடுத்து வாங்கிய ஒலிபெருக்கியில் தேவனுடைய வார்த்தையைப் பேச எனக்குத் துணிவில்லை.

ஜெபம்: கன்னத்தில் அறையப்பட்ட ஆண்டவரே, உம்மை ஏன் அடித்தார்கள் என்று நாங்கள் எங்கள் அயலானைக் குறித்துக் கேட்காமற்போனோம். நாங்கள் இட்ட கையெழுத்துகளையும், காத்த மௌனத்தையும், சொன்ன யோசனைகளையும் மன்னியும். இன்றிரவு காவலறைகளில் இருப்பவர்களை நினைத்தருளும். ஜீப்பின் ஓசைக்கு விழித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நித்திரை தாரும். காக்கி உடுத்திய எங்கள் சகோதரரின் கைகளைக் காத்துக்கொள்ளும். பவுல் நின்ற அந்த வாசலில் எங்களை நிறுத்தும். ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர், கோவளம்